கார்ல்குர்லா: ஒரு காயின் பெயர்

ஹானன் தெருவில், நகரமன்றக் கட்டடத்துக்கு முன்னால், ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். உலோகத்தால் ஆன ஆள். தாடி, தொப்பி, கையில் ஒரு தண்ணீர்ப் பை. அந்தப் பையின் வாயிலிருந்து வழிப்போக்கர்கள் தண்ணீர் குடிக்கலாம் என்ற எண்ணத்தில் 1929-ல் வடிவமைத்த சிலை. அசலைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு நகலைத் தெருவில் வைத்திருக்கிறார்கள். பேடி ஹானன், அயர்லாந்துக்காரர். மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நிலத்தில், பெர்த்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளி, கால்கூர்லி என்ற ஊர் உண்டாவதற்குக் காரணமானவர். அவர் கண்டுபிடித்தது தங்கம். சிலையில் கொடுப்பதோ தண்ணீர். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் பெண்கள் இருக்க வேண்டும் என்று அங்கே நின்றபோது தோன்றியது.

என் அக்கா மகள் பெர்த்தில் இருக்கிறாள். ஜியாலஜி படித்தவள். கால்கூர்லிக்கு வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் சுரங்கத்தின் தங்குமிடத்தில், ஒரு வாரம் வீட்டில். போவதும் வருவதும் விமானத்தில். அவளுடைய ஓய்வு வாரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். கடலைக் காட்டுகிறேன் என்றாள். கால்கூர்லியைக் காட்டு என்றேன். "சித்தி, ஓய்வு வாரத்துலயும் சுரங்கமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் வந்தாள்.

ரயிலின் பெயரே ப்ராஸ்பெக்டர். கனிமம் தேடி அலைபவன். ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். கோதுமை வயல்கள் முடிந்து, செம்மண்ணும் யூகலிப்டஸ் மரங்களும் ஆரம்பித்த பிறகும் ஒன்று மட்டும் வழியெல்லாம் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டே வந்தது: தரைக்கு மேலே ஓடும் ஒரு பெரிய குழாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாடப்புத்தகக் கதை சுருக்கமானது. 1892 செப்டம்பரில் கூல்கார்டியில் பெய்லி, ஃபோர்டு என்ற இருவர் தங்கம் கண்டார்கள். 1893 ஜூனில் அதற்குக் கிழக்கே ஹானன், ஃபிளானகன், ஷே என்ற மூவர். குதிரையின் லாடம் கழன்று விழுந்ததால் தங்கினார்கள், தங்கியதால் கண்டார்கள் என்று ஒரு கிளைக்கதையும் உண்டு. பிறகு கூட்டம் கூட்டமாக ஆண்கள். நடந்தும், குதிரையிலும், தள்ளுவண்டியோடும். ஆற்றுத் தங்கத்தைத் தண்ணீரில் அலசிப் பிரிப்பார்கள் என்று சினிமாவில் பார்த்திருப்போம். இங்கே அலசத் தண்ணீர் கிடையாது. ஆகவே மண்ணைக் காற்றில் தூற்றினார்கள். தூசி பறக்கும், கனமான தங்கம் கீழே விழும்.

தூற்றுவது என்றதும் எனக்கு முறம்தான் நினைவுக்கு வந்தது. அப்படி வந்தது வீண் உணர்ச்சி அல்ல என்று அருங்காட்சியகத்தில் நீள்வட்ட மரத்தட்டு ஒன்றைப் பார்த்தபோது தெரிந்தது. யாண்டி என்பார்கள். பூர்வகுடிப் பெண்கள் புல்விதைகளை உமியிலிருந்து பிரிக்க அதைக் கையில் ஏந்தி ஆட்டுவார்கள். வடக்கே பில்பாரா பகுதியில் வெள்ளீயம் எடுத்த காலத்தில், அதே தட்டசைவால் மண்ணிலிருந்து கனிமத்தைப் பிரித்துக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். அந்தக் கைத்திறனை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட தொழில் அதற்கு 'யாண்டியிங்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. ஆனால் சுரங்கம் என்றால் நம் மனக்கண்ணில் வருவது கோடரியும் வெடிமருந்தும்தான். புடைத்தலும் சலித்தலும் வருவதில்லை. அவை சமையலறையைச் சேர்ந்தவை ஆயிற்றே.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஊரைச் சுற்றி இருந்தவை உப்பு ஏரிகள். அந்த நீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர்வித்து விற்றார்கள். விறகுக்காகச் சுற்றிலும் காடு அழிந்தது. விலை கொடுத்து வாங்கும் தண்ணீரில் குடிப்பது போகக் கை கழுவ என்ன மிஞ்சும்? கூடாரங்களுக்கு நடுவே கழிப்பிட ஒழுங்கு இல்லை. டைபாய்டு வந்தது. 1890களின் தங்க வயல்களில் இளம் ஆண்கள் கூட்டமாகச் செத்தது பாறை விழுந்து மட்டும் அல்ல, இந்தக் காய்ச்சலிலும்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ளச் செவிலியர் வந்தார்கள். அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கக் கன்னியர் 1895-ல் கப்பலேறி வந்தது இந்தக் காய்ச்சலுக்காகவே. டைபாய்டுக்கு அன்று மருந்து கிடையாது. செவிலிதான் மருந்து. உடம்பைத் துடைத்து, கஞ்சியைப் புகட்டி, துணி மாற்றி, மலத்தை அப்புறப்படுத்தி, மூன்று வாரம் காத்திருப்பது. நோயாளியைத் தொட்டவர்களுக்கு நோயும் வந்தது. தங்கம் கண்டவர்களின் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. மலச்சட்டி ஏந்தியவர்களின் பெயரில் நான் நடந்த வரை ஒரு சந்தும் கண்ணில் படவில்லை.

அந்தக் காலத்து வீட்டுப்பொருள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கூல்கார்டி பெட்டி. ஒரு சட்டகம், அதைச் சுற்றிச் சாக்கு, மேலே தண்ணீர்த் தட்டு. தட்டிலிருந்து துணி வழியாக நீர் கசிந்து சாக்கை நனைக்கும். காற்று பட்டால் உள்ளே இருக்கும் வெண்ணெயும் இறைச்சியும் குளிர்ந்திருக்கும். நம் வீட்டுப் பானையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவோமே, அதே சூத்திரம். மெக்கார்மிக் என்ற ஒப்பந்தக்காரர் கண்டுபிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டது யார் என்பதுதான் என் கேள்வி.

குழாய்க்கு வருகிறேன். பெர்த் அருகே மண்டாரிங்கில் அணை கட்டி, அங்கிருந்து 530 கிலோமீட்டர் மேட்டுநிலத்துக்கு, எட்டு நீரேற்று நிலையங்கள் வழியாகத் தண்ணீரைத் தள்ளுவது என்று சி.ஒய். ஓ'கானர் என்ற பொறியாளர் திட்டமிட்டார். பத்திரிகைகளும் சட்டமன்றத்தில் சிலரும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 1902 மார்ச்சில் ஃபிரிமாண்டில் அருகே கடற்கரையில் அவர் தன்னைச் சுட்டுக்கொண்டார். 1903 ஜனவரியில் தண்ணீர் கால்கூர்லிக்கு வந்து சேர்ந்தது. அவருடைய துயரம் உண்மையானது, நினைவுகூரத் தக்கது. ஆனால் அந்தத் தண்ணீர் வந்ததும் யாருடைய நாள் மாறியது என்று கேட்டால் எந்தக் கல்வெட்டிலும் பதில் இல்லை. துணி துவைத்து வயிறு கழுவிய பெண்கள், சாப்பாட்டு விடுதி நடத்திய பெண்கள், பிள்ளை பெற்ற பெண்கள்.

அந்தச் சாப்பாட்டு விடுதிப் பெண்ணை நான் முதலில் சந்தித்தது ஒரு நாவலில். கேதரின் சூசன்னா பிரிச்சர்ட் இந்தத் தங்க வயல்களைப் பற்றி 1946, 1948, 1950 ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதினார். ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அவருடைய நாயகி சாலி தங்கம் தேடி வந்தவனின் மனைவி. புருஷனின் கனவு சோறு போடாததால் விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்க்கிறாள். அந்த நாவல்களில் ஒரு பூர்வகுடிப் பெண்ணும் வருகிறாள். பெயர் கால்கூர்லா. ஊரின் பெயரை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஓட்டுரிமைக் கதை இன்னும் கசப்பானது. மேற்கு ஆஸ்திரேலியா 1899-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. தேதியைப் பார்த்து நான் வியந்துபோனவள்தான். பிரிட்டனுக்குப் பல ஆண்டுகள் முன்னால் அல்லவா! பெர்த்தில் 1894-ல் தொடங்கிய கரகட்டா மன்றப் பெண்களும், மதுவிலக்குச் சங்கப் பெண்களும் அதற்காக உழைத்திருக்கிறார்கள். ஆனால் அதுவரை பிடிகொடுக்காத முதல்வர் ஜான் ஃபாரஸ்ட் ஏன் மனம் மாறினார் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணம் வேறு. கிழக்கிலிருந்து வந்து தங்க வயல்களில் குவிந்த ஆண்கள் அவருக்கு எதிரானவர்கள். அங்கே பெண்கள் குறைவு. பழைய குடியேற்றப் பகுதிகளில் பெண்கள் அதிகம். பெண்களைப் பட்டியலில் சேர்த்தால் தராசு அவர் பக்கம் சாயும். எடைக்கல்லாக நம்மைத் தராசில் வைத்தார்கள்.

அந்தத் தராசிலும் எல்லாப் பெண்களும் ஏறவில்லை. பூர்வகுடியினர், ஆசியர், ஆப்பிரிக்கர் ஆகியோருக்குக் குறிப்பிட்ட சொத்து இருந்தாலன்றி ஓட்டு இல்லை. 1902-ல் வந்த மத்தியச் சட்டம் வெள்ளைப் பெண்களுக்கு வாசலைத் திறந்த அதே கையால் பூர்வகுடிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அதைச் சாத்தியது. முழுமையாகத் திறக்க 1962 ஆயிற்று. இடையில் 1905-ல் மேற்கு ஆஸ்திரேலியா போட்ட ஒரு சட்டம் பூர்வகுடிக் குழந்தைகள் அனைவருக்கும் 16 வயதுவரை சட்டப்படியான காப்பாளர் ஓர் அரசு அதிகாரி என்றது. பெற்றவள் காப்பாளர் இல்லை. பெண்ணுரிமை வரலாற்றை வகுப்பில் நடத்தும்போது 'உலகில் முன்னோடி' என்று இந்த 1899-ஐ நானும் ஒருமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த மாணவிகள் இந்தக் கட்டுரையைப் படித்தால் திருத்திக்கொள்ளட்டும்.

மறுநாள் மதியம் ஹே தெருவுக்குப் போனோம். ஹானன் தெருவுக்கு அடுத்த இணைத்தெரு. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாலியல் தொழில் விடுதிகள் இருந்த தெரு. சட்டப்படி குற்றம், ஆனால் காவல்துறை இந்தத் தெருவுக்குள் மட்டும் கண்டுகொள்ளாமல் விடும். அதற்கு 'அடக்கிவைத்தல்' என்ற பொருளில் ஒரு கொள்கைப் பெயரும் உண்டு. எழுதப்படாத விதிகள். பெண்கள் வேலை பார்க்கும் விடுதியிலேயே குடியிருக்க வேண்டும். மதுக்கடைக்கோ சினிமாவுக்கோ நீச்சல் குளத்துக்கோ போகக் கூடாது. மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். வந்துபோகும் ஆணுக்கு எந்த விதியும் கிடையாது. 2000-ஐ ஒட்டித்தான் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதற்கும் முன்னால், 1890களின் இறுதியிலும் 1900களின் தொடக்கத்திலும், இதே ஊரில் ஜப்பானியப் பெண்கள் இருந்தார்கள். ஏழைக் கிராமங்களிலிருந்து கடல் கடத்தி அனுப்பப்பட்டவர்கள். ஒரு நாட்டின் குடியேற்றச் சட்டம் ஆசியரே வேண்டாம் என்று 1901-ல் எழுதிக்கொண்டிருந்தபோது, அதே நாட்டின் சுரங்க ஊருக்கு ஆசியப் பெண் உடல் வேண்டியிருந்தது.

இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய தகரக் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது. தெருவைப் பார்த்து வரிசையாகக் கதவுகள். பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்களாம், ஆண்கள் நடந்துபோய்த் தேர்ந்தெடுப்பார்களாம். இதுபோன்ற இடத்தைச் சுற்றிக்காட்டக் கட்டணச் சுற்றுலாவே நடந்திருக்கிறது. போகலாமா என்று அக்கா மகள் கேட்டாள். எதிர்ச் சாரியில் நின்றே பார்த்தேன், வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? அங்கே உழைத்த பெண்களைக் காட்சிப்பொருளாகப் பார்க்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அது பாதி உண்மைதான். செவிலியர் தங்கிய இடம் என்றால் உள்ளே போய்க் கட்டிலைத் தொட்டுப் பார்த்திருப்பேன். குழாய்க்காக எட்டு நீரேற்று நிலையத்தையும் பார்க்கத் தயாராக இருந்தேன். இந்தத் தெரு என்றதும் எதிர்ச் சாரியிலேயே நின்றுவிட்டேன். அவர்களைத் தெருவைவிட்டு வெளியே வரக் கூடாது என்றது காவல்துறை. அவர்கள் இருந்த தெருவுக்குள் போக மாட்டேன் என்றேன் நான். இரண்டும் ஒரே கோட்டின் இரு பக்கங்கள் இல்லையா? கன்னியரின் உழைப்பையும் விடுதிக்காரியின் உழைப்பையும் எழுதும்போது வராத தயக்கம் இந்த இடத்தில் பேனாவைப் பிடிக்கிறது. நல்ல பெண்களின் வரலாற்றை மட்டும் மீட்டெடுக்கும் நல்ல பெண்ணாக நான் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை.

ஊரின் மதுக்கடைகளில் உள்ளாடை மட்டும் அணிந்து மது ஊற்றித் தரும் பெண்களுக்கு 'ஸ்கிம்பி' என்று பெயர். இது வரலாறு இல்லை; இன்றும் உண்டு, கடை வாசலில் பலகை வைத்து அறிவிக்கிறார்கள். அக்கா மகள் அந்தப் பலகையை வாசித்துவிட்டு, "இவங்களும் ஷிப்ட்தான் சித்தி" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கடைசியாகப் பெருங்குழி. 'சூப்பர் பிட்' என்பார்கள். ஒரு காலத்தில் 'தங்க மைல்' என்று பெயர்பெற்ற இடத்தில் நூற்றுக்கணக்கான நிலத்தடிச் சுரங்கங்கள் இருந்தன. 1980களின் இறுதியிலிருந்து அவற்றையெல்லாம் ஒன்றாக்கி ஒரே திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டினார்கள். மூன்றரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 600 மீட்டருக்கு மேல் ஆழம். பார்வை மேடையில் நின்றால் இருநூறு டன்னுக்கு மேல் சுமக்கும் லாரிகள் தீப்பெட்டிபோல ஊர்ந்து ஏறுகின்றன. பாறையில் டன்னுக்கு இரண்டு கிராம் தங்கம் இருந்தாலே லாபம் என்றாள் அக்கா மகள். மனம் உடனே சவரன் கணக்குப் போட்டது. எட்டு கிராமுக்கு நாலு டன் பாறை. என் கழுத்துச் சங்கிலி மூன்று சவரன். என் கல்யாணத்துக்கு அம்மா சேர்த்த நகைக்கு எத்தனை லாரி? இந்தக் கணக்கை எந்தச் சம்பந்தி வீட்டாரும் போட்டதில்லை.

லாரி ஓட்டுபவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் சுரங்கத்துக்குள் பெண் இறங்குவது அவ்வளவு பழைய உரிமை இல்லை. நிலத்தடி வேலையில் பெண்களை வைக்கக் கூடாது என்று 1935-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. ஆஸ்திரேலியா அதிலிருந்து 1988-ல் விலகியது. பெண் இறங்கினால் தங்கநரம்பு மறைந்துவிடும் என்பது போன்ற நம்பிக்கைகள் ஒரு பக்கம். பாதுகாப்பு என்ற நல்ல சொல் மறு பக்கம். தங்கச் சுரங்கம் என்றால் நமக்குக் கோலார். வடாற்காட்டிலிருந்து போன தமிழர்கள் தோண்டிய இடம். இந்தியாவில் இந்தத் தடை 1952 சுரங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில்தான் தளர்ந்தது, அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பதவிகளுக்கு, காலை ஆறு முதல் மாலை ஏழு வரை. ஆனால் அதற்கு முன்னால் நம் பெண்கள் நிலத்தடிக்குப் போனதே இல்லை என்று எண்ண வேண்டாம். இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் குடும்பமாக இறங்கிக் கூடை சுமந்தார்கள். 1929 விதிகள் அவர்களைப் படிப்படியாக வெளியேற்றின. உலகப் போரில் நிலக்கரி போதாதபோது 1943-ல் தடையை விலக்கி மறுபடி இறக்கினார்கள். போர் முடிந்தது, 1946-ல் மறுபடி வெளியே அனுப்பினார்கள். பாதுகாப்பு வேண்டியிருந்தது பெண்ணுக்கா நிலக்கரிக்கா என்பதை ஆண்டுகளே சொல்கின்றன.

தடை போனபின் என்ன? 2022 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று, விமானத்தில் போய்வரும் சுரங்கத் தொழிலில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் பற்றி அறிக்கை வைத்தது. 'போதும் போதும்' என்பதுபோன்ற தலைப்பு. தங்குமிட அறைகள், மதுக்கூடங்கள், புகார் கொடுத்தால் வேலை போகும் பயம் எல்லாம் அதில் இருக்கின்றன. அறிக்கையைப் பற்றி அக்கா மகளிடம் கேட்டேன். வாசித்தாளாம். "அதுக்கப்புறம் எங்க கேம்ப்ல பாதைக்கெல்லாம் வெளிச்சம் போட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரூம் கதவைப் பூட்டிட்டு இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். பழக்கம். ஹாஸ்டல்லயே இருந்துச்சு" என்றாள். அக்காவிடம் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டாள். அவளுடைய சம்மதத்தோடுதான், ஊரையும் நிறுவனத்தையும் சொல்லாமல், இதை எழுதுகிறேன்.

திரும்பும் நாள் காலையில் ஊருக்கு வடக்கே இருக்கும் கார்ல்குர்லா காட்டுப் பூங்காவுக்குப் போனோம். வாங்கதா மக்களின் சொல் அது. அதுதான் ஆங்கிலேயர் வாயில் கால்கூர்லி ஆயிற்று. ஒரு கொடியையும் அதன் காயையும் குறிக்கும் சொல். பேரிக்காய் வடிவில் பச்சைக் காய், பறித்தால் பால் வடியும். பிஞ்சை அப்படியே தின்னலாம், சுட்டும் தின்னலாம். முற்றினால் வெடித்து உள்ளே பட்டுப்போன்ற இழைகளோடு விதை பறக்கும். பூங்காவின் பலகையில் இருந்த படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டது. நம் ஊர் வேலிகளில் படரும் வேலிப்பருத்தி இல்லையா! இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்று பிறகு சரிபார்த்துக்கொண்டேன். ஊருக்கு முன்னால், ஹானனுக்கு முன்னால், குதிரை லாடத்துக்கு முன்னால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தக் கொடியைத் தேடிப்போய்ப் பறித்த பெண்கள் இருந்தார்கள். இன்றும் அவர்களின் பேத்திகள் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் தேடினோம். வேறு கொடிகள் இருந்தன, இது கண்ணில் படவில்லை. பருவம் இல்லையோ, எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லையோ. பாறையைப் பார்த்தே பெயர் சொல்லும் அக்கா மகள், "செடின்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது சித்தி" என்று சிரித்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் விடிகாலை அவளுக்கு விமானம்.